உறுமிச் சத்தம் லண்டன் போன கதை

நீளமான த்ரெட் மக்களே. இந்தத் தடவை மருந்து, மாத்திரை கொஞ்சம்தான் வரும். பாட்டு நிறைய வரும். டெங்கு பத்தி கேட்டவங்களுக்குத் தனியா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

நான் வண்ணார்பேட்டைக்காரன். பேராத்துச் செல்வி அம்மன் கோயில் கொடைன்னா எங்க தெருவுல யாரும் தூங்க முடியாது. ஆத்தங்கரைப் பக்கமிருந்து நையாண்டி மேளம் கேட்க ஆரம்பிச்சா, அப்புறம் விடிய விடிய அதுதான். சின்ன வயசுல எனக்கு அதுல ஒரே ஒரு சத்தம் மட்டும் பயம். உறுமி. மத்த மேளமெல்லாம் அடிக்கிற சத்தம். உறுமி அப்படி இல்ல. ஒரு பக்கத்தைக் குச்சியால அடிச்சுக்கிட்டே, மறுபக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்ச்சு இழுப்பாங்க. ஏதோ ஒரு மிருகம் அடிவயித்துலேர்ந்து அழுற மாதிரி வரும். அது வந்ததும் சாமியாடிக்கு உடம்பு நடுங்கும். எங்க ஆச்சி சேலைக்குள்ள நான் ஒளிஞ்சிருக்கேன்.

2008ல நான் எம்பிபிஎஸ் முதல் வருஷம். ஹாஸ்டல்ல ஒரு சீனியரோட ஹார்ட் டிஸ்க்ல இருந்து பாட்டெல்லாம் காப்பி பண்ணினேன். ராத்திரி அனாடமி புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு ஹெட்போன்ல அதுல ஒரு ஆல்பத்தை ஓட விட்டா, உள்ளேயிருந்து உறுமி. அதே இழுப்பு. மேல ஒரு பொண்ணு லண்டன் இங்கிலீஷ்ல கத்துது. ஆல்பம் பேரு ‘கலா’. நான் ஹெட்போனைக் கழட்டி, வெளிய ஏதும் கோயில் கொடை நடக்குதான்னு ஜன்னலைப் பார்த்தேன். நிஜமா.

அந்தப் பொண்ணுதான் எம்.ஐ.ஏ. முழுப் பேரு மாதங்கி அருள்பிரகாசம். வீட்டுல கூப்பிடுறது மாயா. எலக்ட்ரானிக் இசையில உலகம் முழுக்கப் பேர் வாங்கின ஒரு தமிழ்ப் பெண். பாட்டை விட அந்தம்மா போட்ட வேஷம்தான் பெருசுன்னு சொல்றவங்களும் உண்டு. அந்த வேஷத்தைப் பத்திதான் எனக்குப் பேசணும். ஏன்னா அந்த வேஷம்தான் அவரைத் தூக்கி விட்டது, அதுவேதான் இறக்கியும் விட்டது. நடுவுல என்னையும் ஒருநாள் நல்லா சங்கடத்துல மாட்டி விட்டது. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல ஹிஸ்டரி. எந்த நோயாளியையும் ஹிஸ்டரி கேட்காம தொடக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

1975 ஜூலை 18, லண்டன் ஹவுன்ஸ்லோவில் மாயா பிறந்தார். அப்பா அருள்பிரகாசம் என்ஜினியர். அதே வருஷம் லண்டன்ல தொடங்கின ஈரோஸ் இயக்கத்தோட நிறுவனர்கள்ல ஒருத்தர். இயக்கப் பேரு அருளர். நம்ம ஊர்ல இலக்கியம் படிக்கிறவங்களுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருக்கும். 1977 கலவரத்துல கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏத்திக்கிட்டு வடக்கே போன கப்பலை வெச்சு ‘லங்கா ராணி’ன்னு நாவல் எழுதினவர் அவர்தான். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல வருஷம் இவரை விடுதலைப் புலின்னே எழுதிக்கிட்டு இருந்தாங்க. தப்பு. ஈரோஸ் வேற, புலிகள் வேற. இந்த வித்தியாசம் லண்டன் பத்திரிகைக்காரங்களுக்குப் பெருசாத் தெரியல. மகள் தலையில அது கடைசி வரைக்கும் விடிஞ்சுது.

குழந்தைக்கு ஆறு மாசம் இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்பா இயக்கம், தலைமறைவுன்னு அலைஞ்சார். எப்பவாவது வீட்டுக்கு வந்தா பிள்ளைங்ககிட்ட மாமான்னுதான் அறிமுகம், பாதுகாப்புக்காக. அம்மா கலா தையல் வேலை பார்த்து மூணு பிள்ளைங்களை வளர்த்தார். நடுவுல கொஞ்ச காலம் சென்னையில ஒரு பாழடைஞ்ச வீட்டுல இருந்தாங்க. மறுபடி யாழ்ப்பாணம். மறுபடி சண்டை. 1986ல அம்மா பிள்ளைங்களோட அகதியா லண்டன் போய் இறங்கினார். மாயாவுக்கு அப்போ 11 வயசு ஆகப்போகுது. தெற்கு லண்டன் மிச்சம் பகுதியில அரசாங்கக் குடியிருப்பு. இங்கிலீஷ் சுத்தமா வராது. பக்கத்து வீட்டு ரேடியோவுல வந்த ஹிப் ஹாப்தான் கூட வந்த முதல் சிநேகம். வார்த்தை புரியலன்னாலும் கொட்டு புரியுமே.

அப்புறம் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ல சினிமா படிச்சார். பாட்டு இல்ல, சினிமா. ஸ்டென்சில் வெச்சு ஸ்ப்ரே பெயின்ட்ல படம் வரைவார். பனைமரம், துப்பாக்கி, புலி, எல்லாம் பளிச் பச்சை, பளிச் ரோஸ் கலர்ல. 2001ல கண்காட்சி வெச்சார். எலாஸ்டிகான்னு ஒரு ராக் இசைக்குழுவுக்கு ஆல்பம் அட்டை வடிவமைச்சுக் கொடுத்து, அவங்க கூடவே ஊர் ஊரா வீடியோ எடுக்கப் போனார். அந்தப் பயணத்துல மேடை திறக்க வந்தவர் பீச்சஸ்ங்கிற கனடாக்காரப் பாடகி. ஒத்த ஆளா மேடையில நின்னு, ஒரே ஒரு மெஷினை வெச்சுக்கிட்டு முழுக் கச்சேரியையும் நடத்துற ஆள். நீயும் செய்துபாருன்னு மாயாகிட்ட அந்த மெஷினைக் காட்டினது அவர்தான்.

மெஷின் பேரு ரோலண்ட் எம்சி-505. 1998ல வந்தது. டிபன் கேரியரைப் படுக்க வெச்ச சைஸ் இருக்கும். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, எல்லாச் சத்தமும் உள்ளேயே. எந்தச் சத்தம் எந்த இடத்துல வரணும்னு பட்டனை அமுக்கிச் சொல்லி வெச்சா, அது திரும்பத் திரும்ப அடிக்கும். ஸ்வரம் தெரியணும்னு இல்ல, தாளம் தெரிஞ்சாப் போதும். இசைக்குழு வேணாம், வாத்தியார் வேணாம், காசும் பெருசா வேணாம். அகதி வீட்டுப் பொண்ணு பெட்ரூம்ல உட்கார்ந்து பாட்டு பண்ணலாம்னு ஆனது இந்த மாதிரிப் பெட்டிகளாலதான். முதல் பாட்டு ‘கலாங்’ 2003ல 500 காப்பி மட்டும் போட்டாங்க. கிளப் கிளப்பா பரவி, எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் கம்பெனி தேடி வந்து ஒப்பந்தம் போட்டது.

2005ல முதல் ஆல்பம். பேரு ‘அருளர்’. காணாமப் போன அப்பா எங்கேயாவது இன்டர்நெட்ல தன் பேரைத் தேடினா, மகளோட பாட்டு வந்து நிக்கட்டும்னு அந்தப் பேரை வெச்சதா அவரே சொல்லியிருக்கார். அப்பாவும் கண்டுபிடிச்சார். கண்டுபிடிச்சு, ஆல்பம் பேரை மாத்துன்னு மெயில் போட்டாராம். தமிழ் அப்பா!

எம்.ஐ.ஏ.ங்கிற மேடைப் பேருக்குப் போரில் காணாமல் போனவர்னு அர்த்தம். ராணுவக் கணக்குல செத்தவங்களும் இல்லாத, உயிரோட இருக்கிறவங்களும் இல்லாத பட்டியல். இதை ஒரு பாப் பாடகி தன் பேரா வெச்சுக்கிட்டு, பளபளன்னு டிராக் சூட் போட்டு, பின்னாடி புலியும் பீரங்கியும் நியான் கலர்ல ஓட, குதிச்சுக் குதிச்சு ஆடினா எப்படி இருக்கும்? எலக்ட்ரானிக் இசையில வேஷம் கட்டுறது புதுசு இல்ல. ஜெர்மனியில கிராஃப்ட்வெர்க் ரோபோ வேஷத்துல நின்னாங்க. ஸ்வீடன்ல ஃபீவர் ரே முகத்துல பெயின்ட் அப்பிக்கிட்டுத்தான் வருவார். மெஷினை வெச்சுக்கிட்டு சும்மா நின்னா பார்க்கிறவனுக்கு என்ன இருக்கு? அதனால அங்கே வேஷம் தேவை. ஆனா அவங்க வேஷம் முகத்தை மறைக்கிற வேஷம். மாயாவோடது வேற. ஒரு போரையே வேஷமாக் கட்டிக்கிட்டு வந்தார். நம்ம ஊர்ல சுடலைமாடன் கொடையில கணியான் கூத்து பார்த்திருப்பீங்க. மகுடம் அடிக்க, பொம்பள வேஷம் கட்டினவங்க ஆட, அண்ணாவி கதை சொல்வார். கதை என்னன்னு பார்த்தா கொலை, பழி, துரோகம். ஆனா பார்க்கிற சனம் விடியுற வரைக்கும் எழுந்திரிக்காது. துக்கத்தை ஆட்டமாக்கினாத்தான் ஜனங்க நின்னு கேப்பாங்கன்னு அண்ணாவிக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருந்தது.

2006ல அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவுல பண்ணத் திட்டம். விசா தரல. சரி போங்கடான்னு ஊர் ஊராக் கிளம்பிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். சென்னையில ஏ.ஆர்.ரஹ்மானைச் சந்திச்சார். அவரோட ஸ்டுடியோவுல தமிழ்நாட்டு மேளக்காரங்களை வெச்சு உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். அதான் நான் ஹாஸ்டல்ல கேட்ட சத்தம்.

2007 ஆகஸ்ட்ல ‘கலா’ வந்தது. முதல் ஆல்பம் அப்பா பேரு, ரெண்டாவது அம்மா பேரு. முதல் பாட்டுல இளையராஜாவோட ‘தளபதி’ படத்துக் ‘காட்டுக்குயிலு’ உள்ளே இருக்கும். ‘பேர்ட் ஃப்ளூ’ங்கிற பாட்டுல ‘ஜெயம்’ படத்துல வந்த ‘திருவிழான்னு வந்தா’ பாட்டோட கொட்டு இருக்கும். கூடவே கோழி கத்தும், பிள்ளைங்க கத்தும். ‘ஜிம்மி’ங்கிறது ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துல பப்பி லஹிரி போட்ட பாட்டு. இப்படி ஒரு பாட்டோட துண்டை வெட்டி எடுத்து, மெஷின்ல ஏத்தி, அதைச் சுத்தி வேற பாட்டு கட்டுறதுக்குப் பேருதான் சாம்பிளிங். திருட்டுன்னு சிலர் சொல்வாங்க. உரிமை வாங்கி, பேர் போட்டுச் செய்தா திருட்டு இல்ல. ஆனா இந்தச் சாம்பிளிங் விஷயத்துல இன்னொரு கணக்கு இருக்கு. அதை எனக்குச் சொன்னது வேற ஒருத்தர். அவரும் கடைசியிலதான் வருவார்.

அந்த ஆல்பத்துலதான் ‘பேப்பர் பிளேன்ஸ்’. இங்கிலாந்து ராக் இசைக்குழு தி கிளாஷ் 1982ல போட்ட பாட்டு ஒண்ணோட துண்டு மேல கட்டினது. கோரஸ்ல துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம். வெளிநாட்டுலேர்ந்து வர்றவன் எல்லாம் போலி விசா போடுறவன், கொள்ளைக்காரன்னு நினைக்கிறீங்களா, சரி அந்த வேஷத்தையே கட்டிக்காட்டுறேன்னு ஒரு நக்கல். விசா மறுக்கப்பட்ட ஆள் எழுதினதுன்னு தெரிஞ்சா நக்கல் புரியும். எம்டிவி துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கிட்டுத்தான் ஒளிபரப்பினாங்க. அப்புறம் ஒரு ஹாலிவுட் பட டிரெய்லர்ல வந்து, 2008ல அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல நாலாவது இடம் வரைக்கும் போனது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துலயும் வந்தது. அதே படத்துல ரஹ்மானோட சேர்ந்து ‘ஓ சாயா’.

இப்போ 2009 பிப்ரவரி. இங்க கொஞ்சம் நிக்கணும்.

பிப்ரவரி 8, லாஸ் ஏஞ்சலஸ், கிராமி விழா. ஜே-இசட், கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நாலு பேரும் கோட்டு சூட்டுல. மேடை முழுக்கப் பழைய படம் மாதிரி கருப்பு வெள்ளை. நடுவுல நிறைமாச வயித்தோட, அந்த வயிறு நல்லாத் தெரியிற மாதிரி ஒரு உடுப்பு போட்டுக்கிட்டு மாயா வந்தார். அன்னைக்குத்தான் அவருக்குப் பிரசவத் தேதி. டாக்டராச் சொல்றேன், 40 வாரம் ஆன வயித்தோட மேல்மூச்சு வாங்காம மாடி ஏறினாலே பெருசு. அந்தம்மா ஆடினார். மூணு நாள் கழிச்சு, 11ஆம் தேதி மகன் பிறந்தான். ஒரே சீசன்ல கிராமிக்கும் பரிந்துரை, ஆஸ்கருக்கும் பரிந்துரை. ஆஸ்கர்ல ‘ஓ சாயா’வை ஜெயிச்சது அதே படத்து ‘ஜெய் ஹோ’. அந்த வருஷம் டைம் பத்திரிகையோட 100 பேர் பட்டியல்ல பேரு வந்தது.

அதே பிப்ரவரியில வன்னியில என்ன நடந்தது? நமக்குத் தெரியும். ஜனவரி 29ஆம் தேதி நம்ம பக்கத்து கொழுவைநல்லூர் முத்துக்குமார் சென்னை சாஸ்திரி பவன் முன்னாடி தீக்குளிச்சிருந்தார். காலேஜ் பசங்க எல்லாம் ரோட்டுல. எங்க ஹாஸ்டல்லயும் பேச்சு வேற எதுவும் இல்ல. அமெரிக்க டிவியில பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்ட இடத்துல எல்லாம் மாயா பாட்டை விட்டுட்டு, என் சனத்தைக் கொல்றாங்கன்னு பேசினார். உலக மேடையில அவ்வளவு பெரிய இடத்துல இருந்து அதைப் பேச வேற தமிழ் ஆள் யார் இருந்தா? எதிர்ல உட்கார்ந்திருந்தவங்களுக்கு வன்னி எங்க இருக்குன்னே தெரியாது. பளபள உடுப்பு போட்ட பாப் பாடகி அரசியல் பேசுதேன்னு ஒரு மாதிரி சிரிச்சாங்க. மே மாசம் எல்லாம் முடிஞ்சது.

வேஷம் திருப்பி அடிச்ச இடம் இதுதான். எந்தப் பளபளப்பு ஆளுங்களை நின்னு பார்க்க வெச்சதோ, அதே பளபளப்பைக் காட்டி, இவ சொல்றதும் நடிப்புதான்னு சொல்லிட்டாங்க.

2010ல ‘பார்ன் ஃப்ரீ’ன்னு ஒரு வீடியோ. ரொமெய்ன் காவ்ராஸ் இயக்கினது. ராணுவம் வீடு புகுந்து செம்பட்டை முடி வெச்ச பசங்களை மட்டும் பொறுக்கிப் பிடிச்சு வண்டியில ஏத்திக் கொண்டுபோய்ச் சுடும். எங்க நாட்டுல நிஜமாச் சுட்ட வீடியோ வந்தப்போ அசையாத உலகம், வெள்ளைக்காரப் பையனைச் சுடுற மாதிரி நடிச்சா பதறுதான்னு பார்க்கிறேன்னு கேட்ட மாதிரி இருந்தது. பதறினாங்க. யூடியூப் அதை எடுத்துச்சு. அடுத்த மாசமே நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழ்ல பெரிய கட்டுரை. புரட்சி பேசுற இந்தம்மா ஆடம்பர ஹோட்டல்ல உட்கார்ந்து டிரஃபிள் எண்ணெய் ஊத்தின உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுறாங்கங்கிற தொனி. மாயா சும்மா விடல. அவர் ரகசியமாப் பதிவு பண்ணி வெச்சிருந்த பேட்டி ஒலியை வெளியிட்டார். அந்த வறுவலை எடுத்துக் கொடுத்ததே எழுதினவங்கதான்னு அதுல தெரிஞ்சது. எழுதினவரோட போன் நம்பரையும் ட்விட்டர்ல போட்டார். அது தப்பு, இன்னைக்கும் தப்புன்னுதான் சொல்வேன். ஆனா ஒரு இனம் செத்துக்கிட்டு இருந்ததைப் பத்திப் பேசின ஆளைப் பத்தி எழுத உருளைக்கிழங்குதான் கிடைச்சுதா?

2012 சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும், வேகமாச் சொல்லிடுறேன். சூப்பர் பவுல் இடைவேளை மேடை, மடோனா கூட. கேமராவைப் பார்த்து நடுவிரல். அமெரிக்கக் கால்பந்து லீக் வழக்கு போட்டு, முதல்ல 15 லட்சம் டாலர், அப்புறம் ஒரு கோடியே 66 லட்சம் டாலர் கேட்டாங்க. 2014ல சமரசமாப் போச்சு. அதே 2012ல வந்த ‘பேட் கேர்ள்ஸ்’ வீடியோதான் எனக்குப் பெருசு. மொராக்கோ பாலைவனத்துல காரை ரெண்டு சக்கரத்துல சாய்ச்சு ஓட்ட, மாயா ஓடுற கார் மேல சாவகாசமா உட்கார்ந்து நகம் பார்ப்பார். சவுதியில பொண்ணுங்க கார் ஓட்ட அப்போ தடை. அந்தத் தடை போனது 2018ல.

2015ல ‘பார்டர்ஸ்’. ஆம்பளைங்க முள்வேலியில ஏறித் தொங்குறாங்க, உடம்பையே அடுக்கிப் படகு மாதிரி நிக்கிறாங்க. அந்த வருஷம்தான் சிரியாவுலேர்ந்து படகுப் படகா ஜனம் ஐரோப்பாவுக்குப் போய்க்கிட்டு இருந்தது. இந்த வீடியோவைப் பத்தி ஒரு பெரிய கால்பந்து கிளப்புக்கு வந்த ஒரே கவலை, தங்க சட்டையில இருந்த விளம்பர வாசகத்தை மாத்திப் போட்டுட்டாங்களேங்கிறதுதான். வக்கீல் கடிதம் அனுப்பினாங்க. எனக்கு அந்தப் பாட்டைக் கேட்டா கங்கைகொண்டான் ஞாபகம் வரும். நம்ம திருநெல்வேலிக்கு வடக்கே, அங்க இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. அங்கேயிருந்து எங்க ஓபிக்கு வர்றவங்ககிட்ட சொந்த ஊர் எதுன்னு கேட்டா, இங்கேயே பிறந்த 25 வயசுப் பையன் கூட ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்வான். அந்த ஒரு நொடியைத்தான் அந்தப் பாட்டுல கேட்கிறேன்.

2018ல அவர் கூடப் படிச்ச ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ஆவணப்படம் வந்தது. ‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’. சின்ன வயசுலேர்ந்து மாயாவே எடுத்து வெச்ச வீடியோ டேப் எல்லாம் அதுல இருக்கு. கிடைச்சாப் பாருங்க. 2019 டிசம்பர்ல அப்பா அருளர் இறந்தார். 2020 ஜனவரியில பக்கிங்ஹாம் அரண்மனையில இளவரசர் வில்லியம் கையால எம்பிஇ பதக்கம். இதுல ஒரு விஷயம் கேளுங்க. லண்டன் வந்து இறங்கினதுலேர்ந்து அம்மா கலா பார்த்த தையல் வேலை என்ன தெரியுமா? அரச குடும்பம் கொடுக்கிற இந்தப் பதக்கங்களோட ரிப்பனைக் கையால தைக்கிறது. அம்மாவுக்காகத்தான் வாங்கிக்கிட்டேன்னார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைச்ச கை, கடைசியில மகளுக்கு வந்த பதக்கத்தைப் பார்த்தது.

இதோட நான் நிறுத்தியிருந்தா த்ரெட் நல்லாத்தான் இருந்திருக்கும்.

2020 மார்ச். கொரோனா. தடுப்பூசியே இன்னும் வராத நேரம். தடுப்பூசியா சிப்பா எதுவா இருந்தாலும், போட்டுக்கிறதை விட செத்துப்போறதே மேல்ங்கிற பொருள்ல மாயா ட்வீட் போட்டார். ரசிகர்கள் கொதிச்சாங்க. பிரிட்டிஷ் வோக் பத்திரிகை தன்னைப் பத்தின கட்டுரையை நிறுத்திட்டதா பிறகு அவரே சொன்னார்.

நான் அப்போ அதைச் சிரிச்சுக் கடந்துட்டேன். 2021 ஏப்ரல்ல சிரிப்பு போச்சு. நடிகர் விவேக் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கிட்டார், 17ஆம் தேதி மாரடைப்புல இறந்தார். நம்ம ஜில்லா வேர் உள்ள மனுஷன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு மத்திய அரசு குழு சொன்னதே அக்டோபர்லதான். அதுவரைக்கும்? முகாம் போட்டு உட்கார்ந்தா, நானும் நர்ஸும் ஊசிப் பெட்டியும் மட்டும் இருப்போம். கிராமத்துல வீடு வீடாப் போனா, கதவைச் சாத்துவாங்க. ரெண்டாவது அலையில வார்டுல ஆக்சிஜன் படுக்கைக்கு வெளிய ஆம்புலன்ஸ் வரிசையில நின்ன நாட்கள் அவை. எத்தனை பேரை இழந்தோம்னு இங்க எழுதப்போறதில்ல.

அந்த மே மாசம் என் சித்தி மகன், காலேஜ் படிக்கிற பையன், ஊசி போட மாட்டேன்னுட்டான். எம்.ஐ.ஏ.வை அவனுக்கு அறிமுகம் பண்ணினதே நான்தான். ‘கலா’வைப் பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்து, கேளுல இது நம்ம சத்தம்லான்னு பெருமை பேசினவன் நான். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். “அண்ணன், நீ சொன்ன ஆளுதான. அவளே வேண்டாங்கா.” எனக்கு வாயடைச்சுப் போச்சு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பேசினேன். ஆர்என்ஏ எப்படி வேலை செய்யும்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.

மாயாவுக்கு ஏன் அந்த அவநம்பிக்கைன்னு எனக்குப் புரியுது. பத்து வயசுக்குள்ள ராணுவம் வீட்டுக்கு வந்து அப்பா எங்கேன்னு கேட்டதைப் பார்த்த பிள்ளை. அரசாங்கம் சொன்னது பொய், பத்திரிகை எழுதினது பொய்னு அனுபவத்துல கண்ட பொம்பள. அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து நல்லதுக்குத்தான்னு ஒண்ணைச் சொன்னா சந்தேகப்படத்தான் தோணும். ஹிஸ்டரி கேட்டா காரணம் தெரியும். ஆனா காரணம் தெரிஞ்சா நோய் சரியாகிடுமா? வன்னியைப் பத்தி அவர் சொன்னதுக்குச் சாட்சி இருந்தது, பிணம் இருந்தது, படம் இருந்தது. சிப் கதைக்கு என்ன இருக்கு? முதல்ல சொன்னதை உலகம் நம்பல. ரெண்டாவது சொன்னதை நம்ப ஆள் வரிசையில நின்னாங்க. இதுதான் எனக்கு ஆத்திரம். 2024ல ஓம்னின்னு துணி பிராண்ட் ஆரம்பிச்சு, 5ஜி அலையைத் தடுக்கும்னு தொப்பியெல்லாம் விற்கிறார். டாக்டராச் சொல்றேன், போன் டவர் அலைக்குப் பயந்து யாரும் தொப்பி போட வேண்டாம். வெயிலுக்குப் போடுங்க, பாளையங்கோட்டை வெயில் நிஜம்.

சித்தி மகன் கடைசியில ஊசி போட்டுக்கிட்டான். நான் சொன்னதால இல்ல. எங்கேயோ போறதுக்குச் சர்டிபிகேட் கேட்டிருக்காங்க.

நான் இன்னும் ‘கலா’ கேட்கிறேனா? கேட்கிறேன். 2022ல வந்த ‘மாதா’வையும் கேட்டேன், சுமார்தான். பாட்டைக் கேட்பேன், மருந்து விஷயத்துல காதைப் பொத்திக்குவேன். இது சரியான்னு என்கிட்ட சண்டைக்கு வர்றவங்க வாங்க, கமென்ட்ல பேசலாம்.

இப்போ அந்தப் பெரியவர். போன மாசம் ஓபிக்கு வந்தார். அறுபதைத் தாண்டின வயசு. ராத்திரியானா காதுல ‘ஙொய்ங்’னு சத்தமாம். என்ன தொழில்னு கேட்டேன். “உறுமி சார். நாப்பது வருசமா கொடைக்குப் போறேன்.” காரணம் தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருஷம் மேளத்துக்கும் புனல் ஸ்பீக்கருக்கும் நடுவுல நின்னா உள்காது நரம்பு தாங்காது. போன கேட்கும் திறன் மருந்துல திரும்ப வராது. இனிமே காதுல பஞ்சு இல்ல, மருந்துக்கடையில கிடைக்கிற காதடைப்பான் வெச்சுக்கிட்டு வாசிங்க பெரியவரேன்னேன். உறுமி வாசிக்கிற, தவில் வாசிக்கிற யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கூட்டம் குறைஞ்ச நேரம். ஆசை விடல. போன்ல ‘பேர்ட் ஃப்ளூ’ போட்டுக் காட்டினேன். நல்ல காதுப் பக்கம் போனை வெச்சுக் கேட்டார். கண்ணை மூடிக்கிட்டே சொன்னார், “இது ஒரு தடவதான் அடிச்சிருக்கான் சார். மிச்சத்தையெல்லாம் மிஷினு அடிக்கு. ஆளு அடிச்சா ரெண்டாவது இழுப்பு இப்படி ஒண்ணுபோல வராது.” சாம்பிளிங்னா என்னன்னு இதை விடச் சுருக்கமா யாரும் எனக்குச் சொன்னதில்ல.

வீடியோவையும் பார்த்தார். பிள்ளைங்க கூட மாயா ஆடுறார். “சாமியாடி மாதிரி ஆடுதே. யாரு வீட்டுப் பிள்ள?” யாழ்ப்பாணத்துப் பிள்ளைன்னேன். தலையாட்டினார். அப்புறம் அவர் கேட்டதுதான். “இப்ப எங்க செட்டுலயும் இதே கததான் சார். ஒரு பய பேடு வெச்சிருக்கான், ரோலண்டுன்னு எழுதிருக்கும். அதுல உறுமியையும் ஏத்திட்டாவ. குச்சியால ஒரு தட்டு தட்டுனா உறுமி கேக்கு. போன வருசம் பன்னெண்டு கொடைக்குப் போனேன், இந்த வருசம் அஞ்சு. அந்தப் பெட்டிக்குள்ள ஒருக்கா அடிச்சுக் குடுத்தான் பாருங்க, அவனுக்கு எவ்ளோ குடுத்தாவ?”

அதே கம்பெனி. அகதி வீட்டுப் பொண்ணுக்கு வாசலைத் திறந்துவிட்ட அதே மாதிரிப் பெட்டிதான்.

நான் சீட்டுல மருந்து எழுதிக்கிட்டு இருந்தேன். அவர் என் மேஜை ஓரத்துல இடது கைப் பெருவிரலை அழுத்தி மெதுவா இழுத்தார். இரும்பு மேஜை. உறுமிச்சு. வெளிய வரிசையில பேச்சு நின்னுபோச்சு. சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “சார், அடுத்த டோக்கன் அனுப்பவா?”ன்னாங்க.